பிழையுள்ள போர்டைக் கொடுங்கள்

எம்பெடட் சிஸ்டம்ஸ் (கருவிகளுக்குள் பொதிந்திருக்கும் குட்டிக் கம்ப்யூட்டர்கள்) லேபில் மாணவர்களுக்கு எல்லாம் ஒழுங்காக வேலை செய்யும் சர்க்யூட் போர்டையும் வரிவரியாக எழுதிவைத்த மேனுவலையும் கொடுப்பதை நிறுத்த வேண்டும் என்பது என் கட்சி. மேனுவலைப் பார்த்து டைப் அடிப்பார்கள், எல்இடி எரியும், மதிப்பெண் விழும். விரலுக்கு நல்ல பயிற்சி, அவ்வளவுதான்.

சாதாரண புஷ் பட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை அழுத்தினால் எண்ணிக்கை ஒன்று கூட வேண்டும். நான்கோ ஏழோ கூடுகிறது. புரோகிராமில் தப்பே இல்லை என்று மாணவர் சத்தியம் செய்வார். மின்னழுத்தம் மாறுவதைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பை மாட்டி, ஒரே ஒரு தடவை மட்டும் பதிவு செய்யும் சிங்கிள் ட்ரிகரில் வைத்து மறுபடி அழுத்தச் சொல்லுங்கள். நேராக இறங்கும் என்று நினைத்த கோடு சில மில்லிசெகண்டுக்கு மேலும் கீழும் குதித்துவிட்டுத்தான் அடங்கும். உள்ளே இருக்கும் உலோகத் தகடு மோதித் துள்ளுகிறது. புரோகிராமை ஓட்டும் மைக்ரோகன்ட்ரோலர் சிப்புக்கு ஒவ்வொரு துள்ளலும் ஓர் அழுத்தல். போர்டே இல்லாமல் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கும் சிமுலேட்டரில் பட்டன்கள் பெரும்பாலும் பரமசாது, இந்தச் சேட்டையெல்லாம் செய்யாது.

எனக்கு ரொம்பப் பிடித்தது 8051 என்ற மைக்ரோகன்ட்ரோலரின் சீரியல் போர்ட், அதாவது கம்ப்யூட்டருக்கு ஒவ்வொரு பிட்டாக எழுத்துகளை அனுப்பும் வழி. சிப்பின் வேகத்தை நிர்ணயிக்கும் 11.0592 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலைக் கழற்றிவிட்டு, சொல்லாமல் 12 மெகாஹெர்ட்ஸ் மாட்டிக் கொடுக்க வேண்டும். அதே புரோகிராம், அனுப்பும் வேகத்தைத் தீர்மானிக்கும் டைமரில் அதே 253. திரையிலோ குப்பை எழுத்துகள். முதலில் கேபிளை மாற்றுவார்கள், அப்புறம் கம்ப்யூட்டரை. வேறு வழியில்லாமல் கடைசியில்தான் பேப்பரை எடுப்பார்கள். கிரிஸ்டலின் அதிர்வெண்ணை 12, 32, 3 என்று வரிசையாக வகுத்தால் (12-உம் 32-உம் சிப்பின் அமைப்பில் உள்ளவை, 3 என்பது 256-இல் 253 போக மீதி) பழையதில் கம்ப்யூட்டர் எதிர்பார்க்கும் வேகம், விநாடிக்கு 9600 பிட், கச்சிதமாக வருகிறது. புதியதில் சுமார் 10,417. எட்டரை சதவீதப் பிழை! ஓர் எழுத்துக்கு, தொடக்கத்தையும் முடிவையும் காட்டும் ஸ்டார்ட், ஸ்டாப் பிட்டுகள் சேர்த்துப் பத்து பிட் போவதற்குள் அது அரை பிட்டைத் தாண்டிவிடுகிறது. 11.0592 என்ற அந்த விசித்திரமான எண் எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் புரியும்.

8051 1980-ல் வந்த கிழம் என்று சிரிப்பவர்கள் எஸ்டிஎம்32 என்ற புதுத் தலைமுறை மைக்ரோகன்ட்ரோலரில் கிளாக்கைத் தப்பாக அமைத்துப் பார்க்கட்டும். இதே குப்பைதான் வரும்.

பெரிய வகுப்பில் இதற்கு நேரம் ஏது என்பார்கள். நியாயம்தான். பயிற்சிகளைப் பாதியாகக் குறையுங்கள். லேப் நேரம் முடிந்தும் கோளாறு பிடிபடவில்லையா, பரவாயில்லை. எதைச் சந்தேகப்பட்டார், எங்கே அளந்தார், எதை விலக்கினார் என்று நோட்டில் இருந்தால் முக்கால்வாசி மதிப்பெண் போடலாம். "எப்படியோ சரியாயிடுச்சு சார்" என்பவருக்குப் பாதி போதும்.