ஏழும் வெள்ளை

(முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடி. இலங்கையின் வடக்கே யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியில் செல்லும் சாரதி எவரும் இங்கே இறங்கிக் கும்பிடாமல் தாண்டுவதில்லை. நெற்றி நிறைய வீபூதியோடு ஒரு சாரதி வாகன வரிசையருகே அந்தரப்படுகிறார். கச்சான் விற்கும் அக்கா பார்த்துக்கொண்டிருக்கிறார்.)

அக்கா: என்ன தம்பி, மூன்றாம் தடவை சுற்றுகிறீர்? பிள்ளையார் உள்ளேயல்லவா இருக்கிறார்!

சாரதி: முதலாளியின் காரைத் தேடுகிறேன் அக்கா. வெள்ளை நிறம். பெரியது.

அக்கா: நிற்பவை ஏழு. ஏழும் வெள்ளை, ஏழும் பெரிது. அடையாளம் சொல்லும்.

சாரதி: முன்னால் பெரிய வாய். கண் சிறியது. கோபமாகப் பார்க்கும்.

அக்கா: ஏழும் என்னைத்தான் முறைக்கின்றன.

சாரதி: இது விலையுயர்ந்த கார் அக்கா!

அக்கா: பெற்றோல் கிடைக்காத காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய பழைய ஒஸ்ரின் ஏ40 கார், கொக்காவிலில் இருமினாலே யாருடையது என்று இங்கிருந்து சொல்லுவேன். மொரிஸ் மைனருக்குக் கன்னம் உப்பிய பிள்ளை முகம். இவற்றுக்கு என்ன நடந்தது?

சாரதி: காற்றை வேகமாக ஊதிப் பார்க்கும் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் செதுக்குகிறார்கள். காற்றுக்குப் பிடித்த வடிவம் எல்லோருக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதானே. மிச்சத்தைக் கணக்குப்பிள்ளை முடித்துவிடுகிறார். லம்போர்கினி உருஸ், பென்ட்லி பென்டேகா, போர்ஷே கயன், அவுடி கியூ7, நான்குக்கும் அடித்தளம் ஒன்று. குழுமமும் ஒன்று.

(இதையெல்லாம் எங்கே படித்தாரோ! பின் இருக்கையில் முதலாளி போட்டுவிட்டுப் போகும் சஞ்சிகைகளாக இருக்கலாம்.)

அக்கா: அப்படிச் சொல்லும்! இங்கேயும் பக்கத்துக் கடைக்கும் எனக்கும் சாக்கு இறங்குவது ஒரே லொறியில்தான்.

சாரதி: பிறகு ஏன் உங்களிடம் பத்து ரூபாய் கூட?

அக்கா: கச்சான் சுற்றித் தரும் கடதாசிச் சரையின் மடிப்பைப் பாரும். அது என் கைமடிப்பு.

சாரதி: லம்போர்கினிக்காரரும் 1948இல் உழவு இயந்திரம் செய்துதான் தொடங்கினார். கார் கொம்பனி 1963இல் வந்தது.

அக்கா: வயலிலேயே நின்றிருக்கலாம். எங்கள் ஊர் உழவு இயந்திரத்தை இருட்டில் தடவினாலும் இன்னாருடையது என்று தெரியும்.

சாரதி: ஜாகுவார் கார் கொம்பனியின் கதை தெரியுமா? 2024 நவம்பரில் பெயரைப் புது எழுத்தில் எழுதி ஒரு விளம்பரம் விட்டார்கள். வண்ண வண்ண உடுப்போடு ஆட்கள் வந்தார்கள். கார் மட்டும் வரவில்லை.

அக்கா: கச்சான் இல்லாத கச்சான் கடையா? நல்ல யோசனை. வறுக்கிற வேலை மிச்சம்.

சாரதி: சிரிக்காதீர்கள் அக்கா, முதலாளி என்னைத் தேடப்போகிறார்.

அக்கா: சாவியை அழுத்தினால் கத்துமே?

சாரதி: சாவி அவரிடம். கச்சான் வாங்க இறங்கினார்.

அக்கா: தங்கச் சங்கிலி, கறுப்புக் கண்ணாடி, சட்டைக்குள் அடங்காத வயிறு?

சாரதி: அவரேதான்!

அக்கா: இரண்டு சரை வாங்கிக்கொண்டு, தொலைபேசியைப் பார்த்தபடியே ஒன்றில் ஏறினார். முதலில் எட்டு வாகனம் நின்றது தம்பி. அவர் ஏறியது கிளிநொச்சிப் பக்கம் போய்ப் பத்து நிமிடமாகிறது.

சாரதி: ஐயோ! யார் ஓட்டியது?

அக்கா: வெள்ளைச் சட்டை. நெற்றி நிறைய வீபூதி. அச்சு அசல் உம்மைப் போலவே இருந்தார்.