வேண்டாம் என்று சொல்பவரிடம் எப்படி நடக்கிறோம்?

இயேசுவைப் பற்றி மற்றவர்களுக்குச் சாட்சி சொல்வதைப் பற்றி சபைகளில் எவ்வளவோ பேசுகிறோம். யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது, எந்த வசனத்தில் ஆரம்பிப்பது என்று வகுப்பே எடுக்கிறோம். எதிரில் இருப்பவர் "எனக்கு வேண்டாங்க" என்று சொல்லிவிட்டால் அடுத்த நிமிடம் எப்படி நடந்துகொள்வது என்பதை மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை. என்னைக் கேட்டால், நம் அன்பு உண்மையா என்பது அங்கேதான் தெரியும்.

சமீபத்தில் உறவினர் ஒருவருக்குத் துணையாக ஆஸ்பத்திரியில் இருந்தேன். மாலையில் இரண்டு பேர் கைப்பிரதிகளோடு வார்டுக்குள் வந்தார்கள். பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண்ணுக்குக் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. அவரிடம் போய், "இத்தனை நாள் கும்பிட்டீங்களே, உங்க சாமி என்ன செஞ்சுது?" என்றுதான் ஆரம்பித்தார்கள். அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டார். எழுந்து போக முடியாது, ஊசி குத்திய கையை அசைக்கவும் முடியாது. வேறென்ன செய்வார்? கைப்பிரதியைத் தலையணை ஓரத்தில் செருகிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது.

அதே வார்டுக்கு எங்கள் சபை அக்கா ஒருவரும் தூக்குவாளியில் கஞ்சியோடு வருவார். அவரும் அந்தப் பெண்ணிடம் கேட்டார்: "ஜெபம் பண்ணட்டுமாம்மா?" தயங்கித் தயங்கி பதில் வந்தது: "இல்லக்கா, நாங்க முருகனைக் கும்பிடுறவங்க." அக்கா முகம் மாறவே இல்லை. "சரிம்மா, கஞ்சி ஆறிடப் போகுது, குடி" என்று தம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். மறுநாளும் கஞ்சி வந்தது.

நம் ஊர் ஊழியத்தில் இதற்குப் பெரிய முன்னோடி உண்டு. ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் 1750-ல் தரங்கம்பாடிக்கு வந்தவர். 1798-ல் தஞ்சையில் கண்மூடும்வரை இந்த மண்ணிலேயே ஊழியம் செய்தார். ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தூதராக 1779-ல் மைசூரை ஆண்ட ஹைதர் அலியைப் பார்க்கப் போனது இவர்தான். கம்பெனிக்காரர்களை நம்பாத ஹைதர் இவரை நம்பினார். தஞ்சை மன்னர் துளஜாஜி, தத்துப்பிள்ளை சரபோஜியை இவர் பொறுப்பில்தான் விட்டுச் சென்றார். பையனைப் படிக்கவைத்து, அரண்மனைப் பகையிலிருந்து காப்பாற்றி, அவனுடைய உரிமைக்காக வாதாடினார் ஐயர். சரபோஜி கடைசிவரை கிறிஸ்தவராகவில்லை. ஆனாலும் அந்தப் பாசம் இரண்டு பக்கமும் குறையவே இல்லை. ஐயர் மறைந்தபின் லண்டன் சிற்பி ஃபிளாக்ஸ்மனைக் கொண்டு சரபோஜி பளிங்கில் ஒரு நினைவுச் சிற்பம் செய்யச் சொன்னார். அதில் மரணப்படுக்கையில் ஐயர், அவர் கையைப் பிடித்தபடி மன்னர் சரபோஜி. தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போகிறவர்கள் பக்கத்திலேயே சிவகங்கைக் குளத்தருகே இருக்கும் சுவார்ட்ஸ் தேவாலயத்தில் அதையும் பார்த்துவிட்டு வாருங்கள். இன்றைய நம் கணக்குப்படி ஐயருக்கு அந்த ஆத்துமா "கிடைக்கவில்லை". அப்படி ஒரு கணக்கு அவர் வைத்திருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

"உண்மையைச் சொன்னால் கசக்கத்தான் செய்யும் பிரதர்" என்று சிலர் சொல்வார்கள். உண்மையைச் சொல்ல வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. சமாரியப் பெண்ணிடம் அவளுடைய ஐந்து புருஷர்களைப் பற்றி இயேசுவும் பேசினார். ஆனால் முதலில் அவளிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டார். யூதர் சமாரியரோடு புழங்காத காலத்தில் அவள் கையால் தண்ணீர் கேட்டது சின்ன விஷயமா? அத்தேனே (ஏதென்ஸ்) பட்டணம் விக்கிரகங்களால் நிறைந்திருந்ததைக் கண்டு பவுலுக்கு உள்ளுக்குள் கொதித்தது என்றே அப்போஸ்தலர் 17 சொல்கிறது. மேடையில் ஏறியபோது அவர் அவர்களுடைய பக்தியைக் குறிப்பிட்டுத்தான் பேச்சைத் தொடங்கினார்; அவர்களுடைய கவிஞர்களையே எடுத்துக்காட்டினார். கேட்கிறவர்களுக்கு "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" பதில் சொல்லுங்கள் என்கிறார் பேதுரு. வணக்கத்தோடும்! இதை வாசித்துவிட்டு எப்படி முகநூலில் இன்னொருவரின் சாமியைக் கேலி செய்து படம் போட மனசு வருகிறது?

பிரசாத விஷயமும் இதே கதைதான். பக்கத்து வீட்டுச் சின்னப்பிள்ளை கிண்ணத்தில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்து நீட்டும். படைத்தது என்று சொன்னால் சாப்பிடாதே என்று கொரிந்தியர் நிருபத்தில் இருக்கிறது, சரி. உங்கள் மனச்சாட்சி அப்படியென்றால் சாப்பிட வேண்டாம். ஆனால் பிள்ளையின் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தச் சொல்லி எந்த நிருபத்திலும் எழுதவில்லை. இரண்டு வார்த்தை அன்பாகப் பேசுங்கள். அம்மாவை விசாரித்ததாகச் சொல்லி அனுப்புங்கள். அப்புறம் கிறிஸ்துமஸ் கேக்கை அந்த வீட்டுக்கு எடுத்துப்போகும்போது, அவர்களுக்கும் வாங்குவதா வேண்டாமா என்று முடிவெடுக்கிற உரிமை உண்டு என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் சபை வாலிபத் தம்பிகளிடம் வீடு வீடாகப் போய்ப் பாடும் இந்த வருஷக் கிறிஸ்துமஸ் கேரல் பவனிக்காக ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறேன். நடுராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் டிரம்ஸும் ஸ்பீக்கரும் வேண்டாம். நம் விசுவாசிகளின் வீடாகவே இருந்தாலும், அந்தத் தெருவில் கைக்குழந்தைக்காரர்கள் இருப்பார்கள், விடியற்காலையில் வேலைக்குப் போகிறவர்கள் இருப்பார்கள். பாட்டு வேண்டும்தான், கைத்தாளம் போதும்.