அந்த இருக்கையை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்

சனிக்கிழமை நடந்த எங்கள் ரோபோ பயிற்சி வகுப்பின் நிறைவு விழா வீடியோவை உங்களில் பலர் பார்த்துவிட்டீர்கள். எனக்கே வாட்ஸ்அப்பில் நான்கு பேர் அனுப்பினார்கள். மூன்றாவது வரிசையில் நீலச் சட்டை போட்டுத் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பவன் நான்தான். சிறப்பு விருந்தினர் யார், எந்தப் பயிற்சி மையம் என்று உள்பெட்டியில் கேட்க வேண்டாம். பெயர் சொல்லிச் சண்டை போட எனக்கு விருப்பமில்லை. அவர் சொன்ன ஒரு வாக்கியத்துக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும்.

"அண்ணாச்சிகள் எல்லாம் இந்த வயதில் ரோபோ படித்து என்ன செய்யப் போகிறீர்கள்? இடத்தைப் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுங்கள்."

அரங்கமே சிரித்தது. அண்ணாச்சி என்பது எங்கள் ஊரில் மரியாதைச் சொல். அதைச் சொல்லியே ஒரு மனிதனை எழுந்து போ என்று சொல்ல முடியும் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

எனக்கு 48 வயது. 1996இல் திருநெல்வேலி பேட்டை அரசு ஐடிஐயில் எலக்ட்ரீசியன் முடித்தேன். அன்று முதல் இன்று வரை பராமரிப்புப் பிரிவு வேலைதான். இப்போது கங்கைகொண்டான் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அங்கே பெட்டி அடுக்கும் ரோபோ ஒன்று வந்தது. வந்த நான்காம் மாதம் ஒருநாள் காலையில் பாதி வழியில் கையைத் தூக்கியபடி நின்றுவிட்டது. பெட்டியைப் பிடிக்கும் முனையில் இருக்கும் சென்சாரின் வயர், வளைந்து வளைந்து உள்ளே அறுந்திருந்தது. மல்டிமீட்டரை வைத்து நாற்பது நிமிடத்தில் கண்டுபிடித்து மாற்றியும் விட்டேன். ஆனால் பாதியில் நிற்கும் கையை எங்கும் இடிக்காமல் பழைய இடத்துக்குக் கொண்டுவர எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. கோயம்புத்தூரிலிருந்து ஆள் வந்து சேர ஒன்றரை நாள் ஆனது. அந்த ஒன்றரை நாளும் மூட்டை தூக்கும் தம்பிகள் கையாலேயே பெட்டி அடுக்கினார்கள். அன்றைக்குத்தான் முடிவு செய்தேன், இதை நான் படித்தே ஆக வேண்டும் என்று.

படித்தேன். பதினாறு வாரம், சனியும் ஞாயிறும். கட்டணம் 24,000 ரூபாய், ஓவர்டைம் காசு. நிர்வாகம் ஒரு ரூபாய் தரவில்லை.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். இயந்திரத்தின் முன்னால் ஏற்கெனவே நிற்கிறவனுக்குத்தான் இந்தப் பயிற்சி முதலில் போய்ச் சேர வேண்டும். இதை நான் சலுகையாகக் கேட்கவில்லை. ஆலைக்கு அதுதான் தேவை.

நாங்கள் படித்த பி.எல்.சி., அதாவது ஆலை இயந்திரங்களை நிரலால் இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவி, எப்படி வந்தது என்று அந்த விருந்தினருக்குத் தெரியுமா? 1968இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துக்கு, இயந்திரங்களை இயக்கும் மின்காந்த சுவிட்சுகள் நிறைந்த ரிலே பேனல்கள் பெரிய தலைவலியாக இருந்தன. கார் மாடல் மாறும்போதெல்லாம் பேனலைப் பிரித்து மறுபடி வயரிங் செய்ய வேண்டும். அதற்குத் தீர்வாக பொறியாளர் டிக் மார்லியின் குழு மோடிகான் 084 என்ற பி.எல்.சி. கருவியை உருவாக்கியது. அதில் நிரல் எழுதும் முறைக்கு லேடர் என்று பெயர். ரிலே வரைபடத்தைப் போலவே ஏணி ஏணியாக இருக்கும். ரிலே வரைபடம் வாசிக்கத் தெரிந்த ஆலை எலக்ட்ரீசியன், கணினி மொழி எதுவும் படிக்காமல் நேராக வேலை செய்ய வேண்டும் என்பதற்காகவே அப்படி வைத்தார்கள். எங்களை மனதில் வைத்துச் செய்த பொருளைப் படிக்க எங்களுக்கு வயதாகிவிட்டது என்று சொன்னால் எப்படிப் பொறுப்பது?

இரண்டாவது வாரம் ஆசிரியர், பெரிய மோட்டாரைக் குறைந்த மின்னோட்டத்தில் தொடங்கி வைக்கும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரை லேடரில் போட்டுக் காட்டினார். எல்லாரும் குறிப்பெடுத்தார்கள். நான் கையைத் தூக்கி, "சார், இன்டர்லாக் எங்கே?" என்று கேட்டேன். ஸ்டார் இணைப்பும் டெல்டா இணைப்பும் ஒன்றாகச் சேராமல் தடுக்கும் பூட்டு அது. யார் கேட்கிறார்கள் என்று பார்க்க வேண்டுமென்றே விட்டிருந்தாராம். ஸ்டாரும் டெல்டாவும் ஒரே நேரத்தில் இழுத்தால் என்ன ஆகும் என்பதை 2003இல் ஒரு பேனல் முன்னால் நின்று பார்த்தவன் நான். வலது முழங்கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

அதற்காக எனக்கு எல்லாம் வந்துவிட்டது என்று சொல்லவில்லை. ரோபோவைக் கையால் இயக்கும் டீச் பென்டன்டின் பின்பக்கம் ஒரு சுவிட்ச் உண்டு. அளவாக அழுத்திப் பிடித்தால்தான் மோட்டாருக்கு மின்சாரம் போகும். விட்டாலும் நிற்கும், பயந்து இறுக்கிப் பிடித்தாலும் நிற்கும். பயந்த கை இரண்டில் ஒன்றைத்தான் செய்யும் என்று தெரிந்து வைத்திருக்கிறார்கள். முதல் நாள் எனக்கு ஆறு முறை நின்றது. கையால் இயக்கும்போது வேகம் வினாடிக்கு 250 மில்லிமீட்டரைத் தாண்டாது, அதற்கே எனக்கு உள்ளங்கை வியர்த்தது. பக்கத்தில் நின்ற பையனுக்கு 22 வயது இருக்கும். "அண்ணாச்சி, மூச்சை விட்டுவிட்டுப் பிடியுங்கள்" என்றான். ஏழாவது முறை கை நகர்ந்தது. அவன் சொன்னதும் அதே அண்ணாச்சிதான்.

இனி வீடியோவைப் பார்த்துவிட்டு நீங்கள் எழுதிய கேள்விகளுக்கு வருகிறேன். "படித்த பிள்ளைகள் வேலையில்லாமல் இருக்கும்போது வேலையில் இருக்கிற நீ ஏன் இடத்தை அடைக்கிறாய்?" என்று ஒருவர் எழுதியிருந்தார். ஐயா, என் மகளே இ.சி.இ. முடித்துவிட்டு ஓராண்டாக வேலை தேடுகிறாள். எனக்குப் பாடக் குறிப்புகளின் ஆங்கிலத்தை இரவில் உட்கார்ந்து விளக்கியவள் அவள்தான். எங்கள் வகுப்பில் இடங்கள் 30, சேர்ந்தவர்கள் 19 பேர். பதினோரு நாற்காலிகள் பதினாறு வாரமும் காலியாகவே கிடந்தன. நான் யாருடைய இடத்தையும் பறிக்கவில்லை. மறுபடியும் சொல்கிறேன், பதினோரு நாற்காலிகள் காலியாகக் கிடந்தன.

தமிழக அரசு டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 71 அரசு ஐடிஐகளைத் தொழில் 4.0 என்ற நவீன இயந்திரப் பயிற்சி மையங்களாக மாற்றியிருக்கிறது. பிள்ளைகளுக்கு அது பெரிய வாய்ப்பு. மனதார வரவேற்கிறேன். என்னைப் போல ஷிப்டு முடிந்து வருகிறவனும் அந்த இயந்திரங்களைத் தொட வழி வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

சான்றிதழால் சம்பளம் உயர்ந்ததா என்று கேட்கிறீர்கள். உயரவில்லை.

"திருநெல்வேலிக்கு எதற்கு ரோபோ?" என்பவர்கள் கங்கைகொண்டானில் டாடா பவரின் 4.3 ஜிகாவாட் சூரிய மின்கல ஆலையையும், 2025இல் தூத்துக்குடியில் திறந்த வின்ஃபாஸ்ட் கார் ஆலையையும் ஒருமுறை பார்த்துவிட்டு வரட்டும்.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ரோபோ ஓடும்போது வேலிக்குள் யாரும் போகக் கூடாது. அது நின்றுவிட்டால் போகிறவன் பராமரிப்புக்காரன். 1981இல் ஜப்பானில் கவாசாகி ஆலையில் கெஞ்சி உராடா என்ற பராமரிப்புப் பணியாளர், முழுமையாக நிறுத்தப்படாத ரோபோவைப் பழுது பார்க்கப் போய் உயிரை விட்டார். அவருக்கு 37 வயது. உள்ளே போகிறவனுக்குப் பயிற்சி வேண்டாம் என்று எந்த மனசாட்சி சொல்லும்?

"ரோபோ ஆட்களின் வேலையைத் தின்கிறது, நீ அதற்குத் துணை போகிறாய்" என்று என் நண்பர் ஒருவரே எழுதிவிட்டார். அதுதான் சனிக்கிழமையைவிட அதிகம் வலித்தது. என் அப்பா நூற்பாலையில், நூலைச் சுற்றும் வைண்டிங் பிரிவில் இருந்தார். அறுந்த நூலை அவர் முடிச்சுப் போடுவது கண்ணுக்கே தெரியாது, அவ்வளவு வேகம். காற்றை ஊதி நூலை இணைக்கும் இயந்திரம் வந்தது. அதை ஓட்ட வெளியிலிருந்து ஆள் எடுத்தார்கள். "எனக்கும் சொல்லிக் கொடுங்கள்" என்று அப்பா கேட்டாராம். வயதாகிவிட்டது என்றார்கள். அப்போது அவருக்கு 44. விருப்ப ஓய்வு என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். கடைசிக் காலம் வரை திண்ணையில் உட்கார்ந்து, கட்டியிருக்கும் சாரத்தின் ஓரத்து நூலைப் பிரித்து முடிச்சுப் போட்டுக்கொண்டே இருப்பார். அம்மா கையைத் தட்டிவிடுவாள். சற்று நேரத்தில் விரல்கள் மறுபடி தொடங்கிவிடும்.

நான் வேண்டாம் என்றால் அந்த இயந்திரம் வராமல் இருந்துவிடுமா? அப்பாவுக்கும் யாராவது ஒரு நாற்காலி போட்டிருக்கலாம்.

போன மாதம் எங்கள் ரோபோ மறுபடி பாதியில் நின்றது. 25 நிமிடத்தில் ஓட வைத்தேன். கோயம்புத்தூருக்கு யாரும் போன் போடவில்லை.

அடுத்த கட்ட வகுப்புக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். எங்கள் பிரிவிலிருந்து இன்னும் மூன்று பேரின் பெயரையும் சேர்த்து எழுதியிருக்கிறேன். அவர்களில் மூத்தவருக்கு 53 வயது. "வீடியோவில் சிரித்தது போல என்னையும் சிரிப்பார்களோ?" என்று நேற்று கேட்டார். முதல் வாரம் நான் அவர் பக்கத்தில் உட்காருவதாகச் சொல்லியிருக்கிறேன்.