0.1 சதவீத நாடுகள்

ஒரு சிறிய நாடு தன் ஆலைகளையும் வாகனங்களையும் நாளையே முற்றாக நிறுத்திவிட்டாலும் பூமியின் சூட்டில் அது தெரியப்போவதில்லை, பிறகு எதற்கு இந்த வரி, இந்தக் கட்டுப்பாடு, இந்தச் செலவு என்ற கேள்வி, காலநிலை மாற்றத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் தவறாமல் வருகிறது. கேட்பவர்கள் எல்லோரும் அறிவியலை மறுப்பவர்கள் அல்லர். பலர் கணக்குத் தெரிந்தவர்கள், அவர்களுடைய கணக்கில் பிழையும் இல்லை. உலகின் கார்பன் உமிழ்வில் சீனாவின் பங்கு ஏறக்குறைய 30 சதவீதம். டென்மார்க்கின் பங்கு 0.1 சதவீதத்தை ஒட்டியது. இதற்கு 'சிறு துளி பெருவெள்ளம்' என்று பதில் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. துளியை மட்டும் பார்த்தால் அது துளிதான்.

ஆனாலும் கூட்டலை முதலில் முடித்துவிடலாம். ஒவ்வொன்றும் இரண்டு சதவீதத்துக்கும் குறைவாக உமிழும் நாடுகளை வரிசையாக எழுதிக் கூட்டினால், மொத்த உமிழ்வில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் வரும். 'நான் மட்டும் என்ன செய்துவிட முடியும்' என்ற சலுகையை இவர்கள் எல்லோருக்கும் கொடுத்தால், சீனாவைவிடப் பெரிய ஒரு நாட்டுக்கு விலக்கு அளித்ததாக ஆகும். அதோடு, எந்தப் பெரிய நாட்டையும் மாகாணம் மாகாணமாகப் பிரித்துப் பார்த்தால் அவையும் சிறியவையே. இந்த வாதம் எங்கே போய் நிற்கும் என்று அதைச் சொல்பவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

என்னுடைய மறுப்பு கூட்டலைப் பற்றியதல்ல. ஒரு நாட்டின் முயற்சியை, அது குறைத்த வாயுவின் எடையை மட்டும் வைத்து அளப்பதே தவறு என்கிறேன். சிறிய நாடு ஒன்று செய்து காட்டியது எல்லைக்கு வெளியே எதை மாற்றியது என்று பார்க்க வேண்டும்.

டென்மார்க்கையே எடுத்துக்கொள்வோம். 1973 எண்ணெய் நெருக்கடியின்போது தன் எரிபொருள் தேவைக்குப் பெரும்பாலும் இறக்குமதி எண்ணெயையே நம்பியிருந்த நாடு அது. அடுத்த சில ஆண்டுகளில், ட்விண்ட் என்ற இடத்தில் பள்ளி ஆசிரியர்களும் மாணவர்களும் தன்னார்வலர்களும் சேர்ந்து தங்கள் கைகளாலேயே ஒரு மாபெரும் காற்றாலையைக் கட்டி, 1978இல் ஓட விட்டார்கள். இன்னொரு பக்கம், விவசாயக் கருவிகள் செய்துவந்த சிறு பட்டறைகள் 22 கிலோவாட், 55 கிலோவாட் அளவில் மூன்று இறக்கைக் காற்றாலைகளைச் செய்து, பழுதானவற்றைத் திருத்தி, மறுபடி செய்து விற்றுக்கொண்டிருந்தன. ஏறக்குறைய அதே காலத்தில் மேற்கு ஜெர்மனி அரசுப் பணத்தில் க்ரோவியான் என்ற 3 மெகாவாட் (3,000 கிலோவாட்) இரட்டை இறக்கை ராட்சசனை நிறுத்தியது. அது சில நூறு மணி நேரம் மட்டுமே ஓடிவிட்டுப் பிரிக்கப்பட்டது. பெரிய நாட்டின் பொறியாளர்கள் ஒரே தாவலில் எட்ட நினைத்த இடத்தை, சிறிய நாட்டுப் பட்டறைக்காரர்கள் படிப்படியாக ஏறி எட்டினார்கள் என்பதை நான் ஒருவித மகிழ்ச்சியோடுதான் எழுதுகிறேன். 1980களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் மலைச்சரிவுகளுக்குக் கப்பல் ஏறிப் போனவை அந்த டேனிஷ் இயந்திரங்களே.

1991இல் டென்மார்க்கின் லோலாண்ட் தீவின் கரைக்கு அப்பால், விண்டெபி என்ற இடத்தில், உலகின் முதல் கடல் காற்றாலைப் பண்ணை நிறுவப்பட்டது. 11 காற்றாலைகள், ஒவ்வொன்றும் 450 கிலோவாட். மொத்தம் சேர்த்தும் 5 மெகாவாட்டைத் தொடவில்லை. அன்றைக்கு யாராவது சதவீதக் கணக்குப் போட்டிருந்தால், பணத்தைக் கடலில் கொட்டுகிறார்கள் என்றுதான் எழுதியிருப்பார்கள். இன்று கடலில் நிறுத்தப்படும் பெரிய காற்றாலை ஒன்றே 15 மெகாவாட், அதாவது அந்த முழுப் பண்ணையைப் போல மூன்று மடங்கு. உப்புக் காற்றில் இயந்திரம் தாங்குமா, அலைக்கு நடுவே பழுதுபார்க்க முடியுமா என்ற கேள்விகளுக்கெல்லாம் முதலில் காசு கட்டிப் பாடம் படித்தது 0.1 சதவீத நாடுதான். அந்தப் பாடத்தை இன்று மிகப் பெரிய அளவில் பயன்படுத்திக்கொண்டிருப்பது, 'அவர்கள் செய்யாதவரை நாம் ஏன் செய்ய வேண்டும்' என்ற வாதத்தில் முதலில் சுட்டிக்காட்டப்படும் சீனா.

இயந்திரம் செய்ய வழியில்லாத நாடுகள் சொல்லால் செய்தவையும் உண்டு. 1990இல் ஒன்றுசேர்ந்த சிறு தீவு நாடுகளின் கூட்டணி, பூமியின் சராசரி வெப்பம் தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட 2 டிகிரி வரை உயரலாம் என்ற எல்லை தங்களுக்கு மரண எல்லை என்று ஆண்டுக்கணக்கில் ஒவ்வொரு மாநாட்டிலும் சொல்லிக்கொண்டே இருந்தது. 2015இல் பாரிஸ் காலநிலை மாநாட்டில், மார்ஷல் தீவுகளின் வெளியுறவு அமைச்சர் டோனி டி ப்ரும் பணக்கார நாடுகளையும் ஏழை நாடுகளையும் ஓரணியில் சேர்த்தார், 1.5 டிகிரி என்ற எண் ஒப்பந்தத்துக்குள் வந்தது. அந்த எண் இருந்ததால்தான் 1.5 டிகிரி பற்றிய ஐ.நா. காலநிலை விஞ்ஞானிகளின் 2018 சிறப்பு அறிக்கை கேட்டு வாங்கப்பட்டது. 2050 வாக்கில் நிகர பூஜ்யம், அதாவது உமிழ்வதும் உள்வாங்கப்படுவதும் சமம், என்று இன்று அரசுகளும் நிறுவனங்களும் சொல்லிக்கொள்ளும் இலக்கு அந்த அறிக்கையின் கணக்கை ஒட்டியது. அந்த இலக்கை எத்தனை பேர் மதிக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

அதற்காகச் சிறிய நாடு எதைச் செய்தாலும் கைதட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பூட்டான் வெளியிடுவதைவிட அதிகமான கார்பனை அதன் காடுகள் உள்வாங்குகின்றன. அது போற்றத்தக்கதுதான், ஆனால் மக்கள்தொகை குறைந்த ஒரு மலைநாட்டின் அந்த நிலையைத் தொழில் நாடுகள் நகலெடுத்துக்கொள்ள முடியாது. நார்வேயில் 2024இல் விற்ற புதிய கார்களில் பத்தில் ஏறக்குறைய ஒன்பது மின்சாரக் கார்கள். அதே நார்வே எண்ணெயும் எரிவாயுவும் ஏற்றுமதி செய்வதை நிறுத்தவில்லை, அவற்றை எரிப்பதால் வரும் உமிழ்வு வாங்கியவர் கணக்கில் ஏறுகிறது. சதவீதக் கணக்கை நம்பக்கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். அப்புறம், கடல் வீட்டு வாசலுக்கு வந்துவிட்ட ஒரு ஏழைத் தீவைப் பார்த்து உமிழ்வைக் குறை என்று பாடம் எடுப்பது அநியாயம். அதன் பணம் கரையையும் குடிநீரையும் காப்பாற்றுவதற்கே போக வேண்டும். என் பேச்சு வசதி படைத்த சிறிய நாடுகளைப் பற்றியது.

அப்படிப்பட்ட நாடு ஒன்று இந்த வாதத்தை நீதிமன்றத்திலேயே வைத்துப் பார்த்தது. உலக உமிழ்வில் தன் பங்கு மிகச் சொற்பம், ஆகவே தன் நடவடிக்கையால் பெரிய வேறுபாடு வராது என்று நெதர்லாந்து அரசு வாதாடியது. 2019 டிசம்பர் 20 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்து, ஒவ்வொரு நாட்டுக்கும் தன் பங்கைச் செய்யும் பொறுப்பு உண்டு என்றது. உமிழ்வை 1990ஆம் ஆண்டு அளவிலிருந்து குறைந்தது 25 சதவீதம் 2020 முடிவுக்குள் குறைக்கும்படி கீழ் நீதிமன்றம் இட்ட உத்தரவை உறுதிசெய்தது. பசிபிக் தீவு நாடான வனுவாட்டு முன்னின்று கேட்டு வாங்கிய ஆலோசனைக் கருத்தில், 2025 ஜூலையில், சர்வதேச நீதிமன்றமும் உமிழ்வில் ஒவ்வொரு நாட்டின் பங்கையும் தனித்தனியாகக் கணக்கிட முடியும் என்று சொல்லிவிட்டது. நெதர்லாந்தின் தீர்ப்பு வந்த அதே மாதத்தில், ஆம்ஸ்டர்டாமின் ஹெம்வெக் நிலக்கரி மின்நிலையம் மூடப்பட்டது.