அளந்தது ஒன்று, சொல்வது இன்னொன்று

பாளையங்கோட்டைத் தெருக்களில் அடிக்கடி நடக்கிற காட்சி. ஆர்.ஓ. மெஷின் விற்க வரும் பையன் இரண்டு கண்ணாடி டம்ளர் கேட்பான். ஒன்றில் வீட்டுக் குழாய்த் தண்ணீர். இன்னொன்றில் அவன் பாட்டிலில் கொண்டுவந்த தண்ணீர். கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்னப் பெட்டியை இரண்டு டம்ளரிலும் இறக்கி, பிளக்கில் சொருகுவான். ஓரிரு நிமிடத்தில் குழாய்த் தண்ணீர் பச்சையாகி, பழுப்பாகி, சாக்கடைச் சகதி மாதிரி ஆகிவிடும். அவன் தண்ணீர் தெளிவாகவே நிற்கும். "பாத்தியளா அக்கா, இதத்தான் பிள்ளையளுக்குக் குடுக்கிய!" அன்றைக்கே அட்வான்ஸ் கைமாறிவிடும்.

அந்தச் சகதி தண்ணீரில் இருந்ததே இல்லை. கம்பியில் இருந்தது. ஒரு கம்பி இரும்பு. உப்பு கரைந்த தண்ணீரில் மின்சாரம் ஓடும். ஓடும்போது இரும்புக் கம்பி கரைந்து இரும்பு ஹைட்ராக்சைடாகத் திரளும். பச்சை, பழுப்பு எல்லாம் துருவின் நிறங்கள். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு அநேகமாக இல்லை, மின்சாரம் ஓடாது, கம்பி கரையாது. அவ்வளவுதான் வித்தை.

சோதிக்க ஆசைப்பட்டால், அவன் பெட்டியைத் தொடாதீர்கள், அது வீட்டு மின்சாரத்தில் ஓடுவது. 9 வோல்ட் பேட்டரி ஒன்று, இரும்பு ஆணி இரண்டு போதும். அவன் கொண்டுவந்த அதே தண்ணீர் 200 மில்லியில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போடுங்கள். சிட்டிகை கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும். சிறிது நேரத்தில் அதுவும் பழுப்பாகும். ஆணிக்குப் பதில் பென்சில் கரி இரண்டைப் போட்டால் குமிழி வரும், துருச் சகதி வராது. உப்புத் தண்ணீரில் குளோரின் வாடை அடிக்கும் என்பதால் ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள்.

அடுத்து அந்தப் பேனா மாதிரி டி.டி.எஸ். மீட்டர். பேர் என்னவோ 'கரைந்திருக்கும் மொத்தத் திடப்பொருள்'. கருவி அளப்பது மின்கடத்துத்திறனை மட்டும். அதை 0.5-க்கும் 0.7-க்கும் இடையிலான ஓர் எண்ணால் பெருக்கித் திரையில் காட்டுகிறது. ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் சீனியைக் கரைத்து மீட்டரை வைத்துப் பாருங்கள். பத்து கிராம் திடப்பொருள் கரைந்திருக்கிறது, திரையில் எண் அசைந்த மாதிரியே இருக்காது. சீனி மின்சாரத்தைக் கடத்தாது. பூச்சிமருந்தும் அப்படித்தான். கிருமியும் அப்படித்தான். ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் தாண்டினாலே கவனிக்க வேண்டும், 1.5-க்கு மேல் கூடவே கூடாது என்பது இந்தியக் குடிநீர்த் தரம். 300 என்று காட்டுகிற மீட்டரில் அந்த ஒன்றரை எங்கே தெரியும்?

பொதிகையில் கிளம்பி 128 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயலில் கடல் சேர்கிற ஆறு நம் தாமிரபரணி. கடினப்பாறை மலையிலிருந்து வருவதால் உப்பு குறைவு. நகரத்துச் சாக்கடை கலக்கிற இடத்தில் அள்ளினாலும் மீட்டர் பெரிதாகப் பதறாது. அங்கே கேட்க வேண்டிய கேள்வி கிருமி. அதற்கு வழி வேறு: குழாய்முனையில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்கிறதா என்று சொட்டு மருந்து விட்டு நிறம் பார்ப்பது. அல்லது தண்ணீரை ஊற்றி வைத்தால் ஒன்றிரண்டு நாளில் கறுக்கிற சோதனைக் குப்பி. இரண்டும் மலிவு. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது.

இதைச் சொன்னதும் மறுபக்கத்து ஆட்கள் குதிப்பார்கள்: "நாங்க அப்பவே சொன்னோம், ஆர்.ஓ. தண்ணி குடிச்சா எலும்பு உருகிரும்." அதுவும் அவசரக் கருத்துதான். சுண்ணாம்புச் சத்தின் பெரும்பங்கு சாப்பாட்டிலிருந்து வருகிறது. ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் பல ஆழ்துளைக் கிணறுகளில் வாயில் வைக்க முடியாத உப்பு. அங்கே ஆர்.ஓ. ஆடம்பரம் இல்லை, தேவை. நஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது: வீட்டு மெஷின் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு மூன்று லிட்டர் வரை வெளியே தள்ளும். தள்ளுகிற தண்ணீரைப் பாத்திரம் கழுவ வைத்துக்கொள்ளலாம், செடிக்கு ஊற்றும்முன் யோசிக்க வேண்டும், அதில் உப்பு கூடியிருக்கும். 500-க்குக் கீழே டி.டி.எஸ். உள்ள ஊர்களில் ஆர்.ஓ.வைத் தடைசெய்யச் சொல்லி 2019-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. நல்ல நோக்கம். ஆனால் பாருங்கள், அதுவும் அதே ஒற்றை எண்ணைத்தான் பிடித்துக்கொண்டது.

இதே கோளாறுதான் சிவகளை அகழாய்வு விஷயத்திலும். இன்றைக்குத் தூத்துக்குடி மாவட்டம், 1986 வரை நெல்லைச் சீமை. அங்கே கிடைத்த மாதிரிகளை வைத்து இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்ததும், முகநூலில் இரண்டே கட்சி. ஒன்று, "உலகத்துக்கே இரும்பு கொடுத்தவன் தமிழன்." மற்றது, "எல்லாம் அரசியல், புருடா." அறிக்கையைத் திறந்து பார்த்தவர்கள் இரண்டு கட்சியிலும் கொஞ்சம்தான்.

கரிமக் காலக்கணிப்பு இரும்பை நேரே அளப்பதில்லை. கூடக் கிடைத்த கரித்துண்டை அளக்கிறது. அதிலும், அந்தக் கரி மரமாக வளர்வதை எப்போது நிறுத்தியது என்பதைத்தான் சொல்கிறது. வயசான மரத்தின் நடுவைரத்தை வெட்டி எரித்திருந்தால் தேதி நூறு, இருநூறு வருடம் முன்னே போகும். ஆனால் இருநூறு வருடத்து மரம் இரண்டாயிரம் வருடப் பிழையைத் தராது. 'பழைய மரம்' என்ற ஒரே சொல்லால் எல்லாவற்றையும் தள்ளிவிட நினைக்கிறவர்கள் இந்தக் கணக்கைப் போடுவதில்லை. நியாயமான சந்தேகம் வேறு: கரியும் இரும்பும் ஒரே நேரத்தில் அந்தக் குழிக்குள் போனவையா, எலி வளையோ வேரோ மண்ணைக் கலைத்திருக்கிறதா என்பது. அதற்குப் பதில் ஒரு தேதியில் கிடைக்காது. பல குழி, பல மாதிரி, ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வகம், ஒன்றுக்கு மேற்பட்ட முறை வேண்டும். ஒளித்தூண்டல் முறை மண் கடைசியாக வெயில் பார்த்ததையோ பானை கடைசியாகச் சூடு கண்டதையோ அளக்கும், கரிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இரண்டும் ஒத்துப்போனால் பலம். நெல் கிடைத்தால் இன்னும் நல்லது, நெல் ஒரே பருவத்துப் பயிர், பழைய மரத் தொல்லையே இல்லை. அதே சிவகளையில் முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021-ல் வந்தது. அது நெல்லின் காலம். இரும்பு வேறு கேள்வி. அந்தத் தாழிக்காரர்கள் என்ன மொழி பேசினார்கள் என்பது அதைவிட வேறு கேள்வி. கரியிலும் நெல்லிலும் மொழி படிவதில்லை.

மொழி என்று வந்துவிட்டதால், எனக்கு மிகவும் எரிச்சல் தருகிற இரண்டு கருத்துக்கு வருகிறேன்.

முதலாவது: "தமிழ்ல ஒரே ஒரு க-தான், மலையாளத்துல நாலு இருக்கு, நம்ம எழுத்து குறைப்பட்ட எழுத்து." இரண்டாவது: "நெல்லைத் தமிழ் கொச்சை, எழுதுறதுக்கு ஆகாது." (எதிர்முனையில் "நெல்லைத் தமிழ்தான் சுத்தத் தமிழ்" என்று மீசை முறுக்குகிறவர்களும் உண்டு. பழத்தைப் பளம் என்று சொல்லிக்கொண்டே.) இந்த இரண்டு குற்றச்சாட்டுக்கும் ஒரே பதில் இருக்கிறது, அதுதான் வேடிக்கை.

'கடல்' என்று சொல்லுங்கள். 'பக்கம்' சொல்லுங்கள். இரண்டிலும் க அழுத்தமாக விழும். 'தங்கம்' சொல்லும்போது தொண்டை அதிரும். 'பகல்' என்றால் க காற்றாகக் கரைந்து ஹகரத்துப் பக்கம் போய்விடும். யாரும் சொல்லித் தருவதில்லை. இடம் பார்த்து ஒலி தானாக மாறுகிறது. சொல்லின் முதலிலும் இரட்டிக்கும்போதும் வல்லொலி, மெல்லெழுத்துக்குப் பின் அதிரும் ஒலி, இரண்டு உயிருக்கு நடுவே மெலிந்த ஒலி. ஒலி எப்போது மாறும் என்று விதியே சொல்லிவிடுவதால் தனி எழுத்து தேவைப்படவில்லை. இந்த மாற்றத்தைத் திராவிட மொழிகளின் பொதுக்குணமாக 1856-ல் ஒப்பிலக்கணத்தில் எழுதிவைத்த கால்டுவெல், இதே ராதாபுரத்துப் பக்கம் இடையன்குடியில் குடியிருந்தவர்.

இப்போது நெல்லைப் பேச்சு. 'வந்தார்கள்' ரகரம் உதிர்ந்து இங்கே 'வந்தாவ'. 'போகுது' என்பது 'போவுது'. 'சாகப்போறான்' என்பது 'சாவப்போறான்'. உயிருக்கு நடுவே மெலிந்த க இன்னும் ஒரு படி மெலிந்து விழுந்துவிட்டது. விழுந்த இடத்தில் இரண்டு உயிர் முட்டிக்கொள்ளும், நடுவே ஏதாவது வர வேண்டும். வந்தது வ. ஆனால் மேலே அந்த ஆர்.ஓ. பையன் பேசியதைத் திரும்பப் பாருங்கள்: 'பார்த்தீர்களா' என்பதைப் 'பாத்தியளா' என்கிறான், 'பிள்ளைகள்' என்பதைப் 'பிள்ளையள்' என்கிறான். அங்கே வ வரவில்லை, ய வந்திருக்கிறது. இ, ஈ, ஐக்குப் பின்னால் ய, மற்ற உயிர்களுக்குப் பின்னால் பெரும்பாலும் வ. பள்ளிக்கூடத்தில் உடம்படுமெய் என்று மனப்பாடம் செய்த அதே விதி! மணியடித்தான், பூவழகு என்று பரீட்சையில் பிரித்து எழுதி மார்க் வாங்கியதை, படிக்காத ஆச்சி வாயில் கேட்டால் மட்டும் கொச்சை என்கிறோம். கொச்சை என்பது அந்தஸ்து பற்றிய தீர்ப்பு. இலக்கணம் பற்றியது அல்ல.

அதற்காக எழுத்தில் குறையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. விதி நம் சொற்களுக்கு வேலை செய்கிறது, வந்த சொற்களில் உடைகிறது. 'பாட்டில் இனிமை இல்லை' என்றும் 'பாட்டில் தண்ணி இல்லை' என்றும் எழுதினால் 'பாட்டில்' ஒன்றேதான், ஒலி இரண்டு. நமக்குச் சூழல் சொல்லிவிடும். பார்வையற்றவர்களுக்கு எழுத்தைப் படித்துக் காட்டும் செயலி அங்கே தடுமாறும். அதற்கு விதியோடு வந்தசொல் பட்டியலும், முன்பின் சொல்லைப் பார்க்கும் அறிவும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கிற பொதுப் பட்டியல் யூனிகோடு; அதைப் பற்றிய சண்டையை இரண்டு பத்தியில் முடிக்கிறேன். "247 எழுத்துக்கு இடம் தராமல் ஏமாத்திட்டாங்க" என்பது கோபம். 'நண்டு' நமக்கு மூன்று எழுத்து, கணினிக்கு ஐந்து குறியீடு (ந, ண, புள்ளி, ட, உகரக்குறி) என்பது உண்மை. எழுத்தை எண்ணும் நிரல் இதை மறந்தால் தப்பாக எண்ணும், சேர்த்து எண்ணச் சொன்னால் சரியாக எண்ணும். குறுஞ்செய்தியில் ஆங்கிலத்துக்கு 160 இடம், தமிழுக்கு 70 குறியீடுதான் என்பது நிஜமான இழப்பு. அதையெல்லாம் பேசலாம்.

ஆனால் அன்றாடம் ஆளைக் கொல்வது இந்தப் பெரிய துரோகக் கதை எதுவும் இல்லை. 'கௌரி' என்று ஔகாரக் குறியோடு ஒரு சான்றிதழில், 'கெளரி' என்று எகரக்குறியும் ளகரமும் போட்டு இன்னொன்றில். தாளில் பார்த்தால் இரட்டைப்பிள்ளை. கணினிக்கு இரண்டு வேறு ஆட்கள். தேடினால் கிடைக்காது, ஒப்பிட்டால் பொருந்தாது. பெயரில் ஔ இருப்பவர்கள் அடித்து முடித்ததும் கடைசி எழுத்தை அழிக்கும் பொத்தானை ஒருமுறை தட்டிப் பார்க்கலாம்: 'கௌ' என்று மட்டும் அடித்து அழித்தால் 'க' மிஞ்ச வேண்டும். 'கெ' மிஞ்சினால் தப்பாக அடித்திருக்கிறீர்கள்.

கடைசியாக அல்வா. அதைத் தொடாமல் நெல்லைக்காரன் எப்படிப் பதிவை முடிப்பது? "தாமிரபரணித் தண்ணியிலதான் அந்த ருசி வரும்" என்பதற்கும் "அதெல்லாம் வியாபாரப் பேச்சு" என்பதற்கும் நடுவே ஒரு சட்டி இருக்கிறது. சம்பா கோதுமையை ராத்திரி முழுக்க ஊறவைத்து, ஆட்டி, மூன்று தடவை பால் பிழிந்து, வடிகட்டி, சில மணி நேரம் தெளியவிட்டு, மேலே நிற்கும் தண்ணீரை இறுத்துக் கொட்டுகிறோம். கரைந்த உப்பில் ஒரு பங்கு அங்கேயே போய்விடுகிறது. பிறகு ஒரு பங்கு கோதுமைக்கு இரண்டு, இரண்டரைப் பங்கு சீனி, ஏறக்குறைய ஒரு பங்கு நெய். சீனியில் கொஞ்சம் எடுத்துக் கருக்கினால்தான் அந்தச் செம்பழுப்பு; ஒரு நொடி விட்டால் கசப்பு. வெயில் காலத்தில் பாலை அதிகம் தெளியவிட்டால் புளிக்கும். நெய் பிரிந்து விளிம்பில் வழியும்முன் இறக்கினால் பல்லில் ஒட்டும், சீக்கிரம் கெடும். ருசியை ஆட்ட இத்தனை பேர் இருக்கும்போது தண்ணீருக்கு எவ்வளவு பங்கு? கொஞ்சம் இருக்கலாம். பூஜ்யம் என்று நான் சொல்ல மாட்டேன்.

பார்ப்பதற்கு வழி எளிது. ஒரே மூட்டைக் கோதுமை, ஒரே நெய், ஒரே கை, ஒரே அடுப்பு. ஒரு சட்டிக்கு ஆற்றுத் தண்ணீர், மற்றதுக்கு ராதாபுரத்துக் கிணற்றுத் தண்ணீர். ஆளுக்கு மூன்று கிண்ணம்: இரண்டில் ஒரே அல்வா, ஒன்றில் மற்றது. எது தனி என்று கண்டுபிடிக்க வேண்டும். கிண்டியவர் பரிமாறக் கூடாது, பரிமாறுகிறவருக்கு எது எதுவென்று தெரியக் கூடாது, அல்வா ஆறி ஒரே சூட்டுக்கு வந்திருக்க வேண்டும், ஒவ்வொரு வாய்க்கும் நடுவே வெந்நீர். பன்னிரண்டு பேர் உட்கார்ந்தால் கண்ணை மூடிச் சொன்னாலே நாலு பேருக்குச் சரியாக வரும். எட்டுப் பேர் சரியாகச் சொன்னால் தண்ணீரில் ஏதோ இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ஏழு வந்தால் இன்னொரு சட்டி கிண்ட வேண்டியதுதான்.