கடைசி பஸ்ஸை விட்டதற்கு பஸ் என்ன செய்யும்?

நாலு நாளாகப் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. கொல்லிமலையில் பஸ்ஸை விட்டுவிட்டு அறப்பளீஸ்வரர் கோயில் பக்கம் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்த அந்த நாலு பையன்கள் வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மறுபடி கதை சொல்லப்போவதில்லை. பையன்கள் பத்திரமாக வீடு சேர்ந்தார்கள், அது போதும். எனக்கு எரிவதெல்லாம் அதன் கீழே வந்த கமெண்ட்டுகள். "பஸ்ஸை நம்பி மலை ஏறினா இப்படித்தான்." "ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு கார் எடுத்திருக்கலாமே." இதற்கெல்லாம் மேலே, ஒரு மலையேற்றக் குழுவின் அட்மின் (பெயர் வேண்டாம், தெரிந்தவர்களுக்குத் தெரியும்) "பொதுப் போக்குவரத்தில் காட்டுக்குப் போவதே பொறுப்பற்ற செயல்" என்று தீர்ப்பு எழுதி முடித்துவிட்டார். அதற்கு ஹார்ட் மழை வேறு.

ஐயா, பஸ் மேல் தப்பில்லை. பஸ் எப்படி ஓடுகிறது என்று அந்தப் பையன்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இரண்டும் வேறு வேறு.

வீடியோவிலேயே ஒரு பையன் சொல்கிறான், கவனித்தீர்களா? "சாயங்காலம் மேல வர்ற பஸ் இருக்குன்னு போட்டிருந்துச்சு, அது திரும்பிப் போகும்ல, அதுல போயிடலாம்னு நினைச்சோம்." விஷயம் மொத்தமும் இதில்தான் இருக்கிறது. மலைக் கிராமத்துக்கு இருட்டும் நேரத்தில் ஏறும் கடைசி பஸ் பெரும்பாலும் திரும்பாது. அது நைட் ஹால்ட். கடைசி ஊரில் ஆளை இறக்கிவிட்டு, பின் சக்கரத்துக்கு முட்டுக்கல் வைத்து, டிரைவரும் கண்டக்டரும் அங்கேயே படுத்துவிடுவார்கள். விடியற்காலையில் அதே வண்டிதான் கீழே இறங்கும் முதல் பஸ். பால் கேன், பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் அதுதான். மேலே ஏறும் கடைசி பஸ்ஸுக்கும் கீழே இறங்கும் கடைசி பஸ்ஸுக்கும் இரண்டு, மூன்று மணி நேரம் கூட வித்தியாசம் இருக்கும். மலைக்காரர் யாரைக் கேட்டாலும் சொல்வார். செல்போன் ஆப் சொல்லாது.

அதனால்தான் திரும்பத் திரும்ப எழுதுகிறேன்: "கடைசி பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வியே அரைகுறை. "இங்கிருந்து கீழ போற கடைசி பஸ் எது, அதுக்கு முந்தினது எது?" என்று கேளுங்கள். முந்தினதுதான் உங்கள் பஸ். கடைசி பஸ் என்பது முந்தினது வராவிட்டால் பிடிப்பதற்கு. வண்டி ரிப்பேர், ஆள் பற்றாக்குறை என்று டிரிப் கட் ஆவது எந்த டிப்போவிலும் உண்டு. கூட்டம் குறைந்த நாளில் கட் ஆவதும் முதலில் கடைசி டிரிப்தான். ஞாயிற்றுக்கிழமை, பள்ளி விடுமுறை நாள் நேரமெல்லாம் தனிக் கணக்கு. கேட்க வேண்டிய இடம் பஸ் ஸ்டாண்டு டைம் கீப்பர் அறை. அதைவிட நல்ல இடம், நீங்கள் ஏறி வந்த பஸ்ஸின் கண்டக்டர். இறங்கும்போது "அண்ணே, திரும்ப எப்ப?" என்று ஒரு வார்த்தை கேட்டால் இன்றைக்கு எந்த டிரிப் கட் என்பது வரைக்கும் சொல்லிவிடுவார்.

இனி நடைக் கணக்கு. கோயில் பக்கத்து ஆகாய கங்கை அருவிக்குப் படி ஆயிரத்துக்கு மேல். எல்லா மலையிலும் முதலில் ஏற்றம், பிறகு இறக்கம். இங்கே தலைகீழ். கோயில் பக்கத்திலிருந்து பள்ளத்துக்கு இறங்கிப் போகிறோம், அருவி ஏறத்தாழ 300 அடி உயரத்திலிருந்து கொட்டுகிறது, குளிக்கிறோம், பசிக்கிறது, அப்புறம்தான் ஏற வேண்டும். ஒரு படி அரையடி என்று வைத்தால்கூட ஆயிரம் படி 500 அடி. ஐம்பது மாடிக் கட்டடம், லிஃப்ட் இல்லாமல், ஈரத் துணியோடு. இறங்க அரை மணி ஆனவருக்கு ஏற ஒரு மணிக்குக் குறையாது. முட்டி வலிக்காரருக்கு ஒன்றரை. ஆக பஸ் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும்: பிடிக்க நினைக்கும் பஸ் மூன்றரைக்கு என்றால் மூன்று மணிக்கு ஸ்டாப்பில், ஒன்றரைக்கு அருவியை விட்டுக் கிளம்பியிருக்க வேண்டும். அதைத் தாண்டி "இன்னும் அஞ்சு நிமிஷம்டா" என்று தண்ணீரில் நின்றால் அதற்கு அரசுப் போக்குவரத்துக் கழகம் பொறுப்பில்லை. கார் வைத்திருந்தாலும் இதே படிதான், இதே முட்டிதான். ஒரே வித்தியாசம், காரில் வந்தவர் ஏறி முடித்த களைப்போடு 70 கொண்டை ஊசி வளைவை இருட்டில் அவரே ஓட்டி இறங்க வேண்டும். எது பொறுப்பற்ற செயல்?

தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர். ஒரு லிட்டர் பாட்டிலோடு இறங்கி, பாதிப் படியில் உட்கார்ந்து தலை சுற்றும் ஆட்களை எந்த ஞாயிற்றுக்கிழமை போனாலும் பார்க்கலாம். பஸ்ஸில் வாந்தி வரும் உடம்பு என்றால் பின் சக்கரத்துக்கு மேல் உள்ள சீட் வேண்டாம், அதற்கும் பின்னால் வேண்டவே வேண்டாம். முன்பக்கம், ஜன்னலோரம், பார்வை ரோட்டின் மேல், மொபைல் பையில். அடிவாரத்துக் காரவள்ளியில் வளைவு தொடங்குவதற்கு முன்பே வயிற்றைப் பரோட்டாவால் நிரப்பாமல் இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. சில்லறை கையில் இருக்கட்டும்.

இதைவிட முக்கியம் ஆற்று வெள்ளம். அருவிக்குத் தண்ணீர் தரும் ஐயாறு, அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்திலேயே ஓடுகிறது, கீழே திருச்சி மாவட்டத்துப் புளியஞ்சோலையில் போய் இறங்குகிறது. நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும். மழை மேலே, கண்ணுக்குத் தெரியாத மலையில் பெய்துகொண்டிருக்கும். பழைய குற்றாலத்தில் 2024 மே மாதம் திடீர் வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் போனானே, அதற்குள் மறந்துவிட்டோமா? தெளிந்த தண்ணீர் திடீரென்று டீ நிறத்துக்குக் கலங்கினால், சருகும் குச்சியும் கூட்டமாக மிதந்து வந்தால், தண்ணீர்ச் சத்தம் தடித்துக் கேட்டால், துணியை எடுக்கக்கூட நிற்காமல் மேட்டுக்கு ஏறுங்கள். அக்கரைக்குத் தாண்டலாம் என்று நினைக்கவே வேண்டாம், பஸ் வரும் கரையிலேயே ஏறுங்கள். முழங்கால் அளவு வேகத் தண்ணீரே ஆளைச் சாய்த்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மதியத்துக்குமேல் ஆற்றில் இறங்காமல் இருப்பது நல்லது. தண்ணீர் அதிகம் என்று வனத்துறை படியை மூடினால், காவலரிடம் போய் "தூரத்திலிருந்து வர்றோம் சார்" என்று கெஞ்சாதீர்கள். தூரத்திலிருந்து வருகிறீர்கள் என்பது ஆற்றுக்குத் தெரியாது.

இதில் ஏதாவது ஒன்றை அந்த அட்மின் எழுதினாரா? "கார் எடு" என்றார். முடிந்தது.

இப்போது வருவார்கள். "வயசான அம்மா அப்பா, கைக்குழந்தை, இவங்களை எப்படி பஸ்ல கூட்டிட்டுப் போறது?" கூட்டிப் போக வேண்டாம், காரிலேயே போங்கள், யார் தடுத்தது? நான் எழுதுவது நடக்கப் போகிறவர்களுக்கு. அந்த நாலு பையன்களுக்கும் கைக்குழந்தை இல்லை.

"பஸ் நேரத்துக்கு வராது." உண்மை. சிலநாள் வராது. அதற்குத்தான் முந்தின பஸ் என்று மேலே அவ்வளவு எழுதினேன். படிக்காமல் கமெண்ட் போடுவதற்கு நான் என்ன செய்ய?

ஒரு கேள்வியை மட்டும் ஒதுக்கித் தள்ள மாட்டேன். "மலைவாசி மக்களுக்கே ஒரு நாளைக்கு நாலு டிரிப். அதிலும் நீங்க போய் சீட்டை அடைச்சா அவங்க எங்க போவாங்க?" நியாயமான கேள்வி. விடுமுறை நாளில் டவுனிலிருந்து வந்த கும்பல் முப்பது பேர் முண்டியடித்து ஏறி, மலைமேல் ஊரான செம்மேட்டில் மிளகு மூட்டையோடு நிற்கிற பெண்ணைப் படியில் நிற்க வைப்பது நடக்கிறது. அந்தப் பெண் மூட்டைக்கு லக்கேஜ் டிக்கெட்டும் எடுத்துவிட்டு நிற்கிறார், நம் ஆள் பேக்குக்கு ஒரு சீட் போட்டிருப்பார். ஆகவே: சந்தை நாளில் போகாதீர்கள். பள்ளிக்கூட நேர டிரிப்பை விட்டுவிடுங்கள். ஆறு பேருக்கு மேல் சேர்ந்து ஒரே பஸ்ஸில் ஏறாதீர்கள். பை மடியில். ஏறும்போது சீட் கிடைத்தது என்பதற்காகக் கடைசிவரை அது உங்கள் சொத்து ஆகாது. இதைச் சொல்ல நான் தயார். ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்டவர் புரொபைல் படத்தில் ஜீப் மேல் உட்கார்ந்திருக்கிறார். மலைவாசிகள் மேல் திடீர்க் கரிசனம். அந்தச் சாலையில் சனிக்கிழமை கார்கள் வளைவுக்கு வளைவு முட்டி நின்று, அதே மக்களின் அதே பஸ்ஸை ஒரு மணி நேரம் தாமதமாக்கும்போது இந்தக் கரிசனம் எங்கே போகிறது?

நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் போக இ-பாஸ் என்ற ஆன்லைன் அனுமதி வந்தது ஏன்? 2024 மே மாதம், உயர் நீதிமன்ற உத்தரவில். பஸ்ஸில் போகிறவர் கூட்டத்தாலா? இல்லை, கார் கூட்டத்தால். அரசுப் பேருந்தில் போகிறவருக்கு இ-பாஸே தேவையில்லை என்று விலக்கும் கொடுத்தார்கள். மலைக்கு எது பாரம் என்று கோர்ட்டுக்கே தெரிகிறது, நம் அட்மினுக்குத் தெரியவில்லை.

பஸ்ஸில் போனால் மட்டும் கிடைக்கிற ஒன்று உண்டு. காரில் போனவர் நிறுத்திய இடத்துக்கே திரும்பியாக வேண்டும், கட்டிப்போட்ட மாடு மாதிரி. பஸ்காரர் ஓர் ஊரில் இறங்கி இன்னொரு ஊரில் ஏறலாம். சோளக்காட்டில் இறங்கி செம்மேடு பக்கம் தார்ச்சாலை ஓரமாகவே நடந்தால், பலாவும் காப்பியும் மிளகுக்கொடியும் பார்த்துக்கொண்டே போகலாம், கால் கெஞ்சினால் கையைக் காட்டினால் வண்டி நிற்கும். அருவிக்குக் கீழே புளியஞ்சோலை வரை காட்டுவழி இருக்கிறது. கீழே இறங்கினால் துறையூர் பஸ். ஒரு மாவட்டத்தில் ஏறி இன்னொரு மாவட்டத்தில் இறங்கும் நடை அது. ஆனால் அது வனப்பகுதி. வனத்துறை அனுமதியும் உள்ளூர் வழிகாட்டியும் இல்லாமல் காலை வைக்காதீர்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டத்துக் குரங்கணிக் காட்டுத்தீயில் 23 பேர் உயிர் போன பிறகுதான் மலையேற்றத்துக்கு விதிமுறையே வந்தது. பிறகு 2024 அக்டோபரில் ட்ரெக் தமிழ்நாடு என்று 40 தடங்களை முறையாகத் திறந்தார்கள். தீக்காலத்தில் மூடுவார்கள், மூடினால் மூடினதுதான்.

ஒருவேளை பஸ் போயே போய்விட்டது, இருட்டிவிட்டது. அப்போது? மலைச்சாலையில் நடந்து இறங்காதீர்கள். கரடி நடமாடும் மலை, பாதிச் சாலையில் சிக்னலும் இருக்காது. கோயில் பக்கமோ, கடை வாசலோ, வெளிச்சமும் ஆளும் இருக்கிற இடத்தில் நில்லுங்கள். செம்மேட்டில் லாட்ஜ் இருக்கிறது, அங்கே போகிற வண்டியைக் கடைக்காரரே கேட்டுத் தருவார். வீட்டுக்குப் போன் போட்டு "காலையில முதல் பஸ்ல வர்றோம்" என்று சொல்லிவிடுங்கள். அந்தப் பையன்கள் செய்ததும் ஏறக்குறைய இதேதான். இருட்டில் இறங்கவில்லை, லிஃப்ட் கேட்டுக் கண்ட வண்டியில் ஏறவில்லை, காலையில் ஹால்ட் பஸ்ஸிலேயே இறங்கினார்கள். அதைப் பாராட்ட ஒருவருக்கும் வாய் வரவில்லை. "லோ பட்ஜெட் பசங்க" என்று ஒருவர் சிரித்து வைத்திருக்கிறார்.

அப்படியானால் விஷயம் பாதுகாப்பு இல்லை, அதானே? பஸ்ஸில் வருகிறவன் அங்கே வரக்கூடாது என்பதுதான் இவர்கள் விஷயம். படியில் பாட்டிலை உடைத்துப் போடுகிறவன், குரங்குக்குச் சிப்ஸ் பாக்கெட்டை அப்படியே வீசுகிறவன், ஸ்பீக்கரை டிக்கியில் வைத்து அலற விடுகிறவன் எதில் வருகிறான் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கிங்கில் நின்று எண்ணிப் பாருங்கள். அவனுக்கு "பொறுப்பற்ற செயல்" என்று யாரும் பதிவு போடுவதில்லை. பெண்களுக்கு இலவச பஸ் பயணமான விடியல் பயணத்தை 2024-ல் மலைப்பகுதிக்கும் நீட்டியபோதும் இதே ஆட்கள்தான் "இனி மலையெல்லாம் கூட்டம்" என்று முனகினார்கள். மலை உங்கள் அப்பா வீட்டுத் தோட்டமா?

சரி, நிறுத்திக்கொள்கிறேன், பிரஷர் ஏறுகிறது. அந்த அட்மின் பதிவில் நான் போட்ட நைட் ஹால்ட் விளக்கத்தை டெலீட் செய்துவிட்டார்கள், அதனால்தான் இங்கே இவ்வளவு நீளம்.

இந்த வாரம் நாமக்கல், ராசிபுரம், துறையூர் ஸ்டாண்டு பக்கம் போகிறவர்கள் ஒரு உதவி செய்யுங்கள். அறப்பளீஸ்வரர் கோயிலிலிருந்து கீழே இறங்கும், புளியஞ்சோலையிலிருந்து துறையூருக்குக் கிளம்பும் கடைசி இரண்டிரண்டு பஸ் நேரத்தை டைம் கீப்பரிடம் கேட்டு கமெண்ட்டில் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை நேரம் தனியாக. ஆப் ஸ்கிரீன்ஷாட் வேண்டாம்.