தொட்டித் தக்காளிக்குத் தண்ணீரே வேண்டாமா?

"கலிபோர்னியாவில் தக்காளிக்குச் சொட்டுத் தண்ணீர்கூட விடுவதில்லை, நட்டதும் நிறுத்திவிடுங்கள், பழம் தேனாய் இனிக்கும்" என்றொரு வாட்ஸ்அப் செய்தி நம் சிங்கப்பூர் வீவக (அரசு அடுக்குமாடி வீட்டு) புளோக்குகளில் சுற்றுகிறது.

பாதி உண்மை, வம்பே அதுதான். கலிபோர்னியாக் கடலோரத்தில் பாசனமின்றித் தக்காளி விளைவது மெய். குளிர்கால மழையை அங்குள்ள களிகலந்த ஆழமண் பிடித்துவைக்கிறது. வேர் பல அடி இறங்கி அதைக் குடிக்கிறது. கடல் மூடுபனி வெயிலைத் தணிக்கிறது. பழம் இனிக்கும்தான், ஆனால் சிறுத்திருக்கும், விளைச்சலும் குறையும்.

நம் தாழ்வாரத் தொட்டியிலோ வேர் ஒரு சாண் இறங்கினாலே பிளாஸ்டிக்கை முட்டும். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊர்தான். கூரைக்கடியில் நிற்கும் செடிக்கு அதனால் என்ன லாபம்? காயவிட்டுத் திடீரென ஊற்றினால் சுண்ணாம்புச் சத்து காய்க்குச் சரியாகப் போய்ச் சேராது. காயின் அடிப்பக்கம் காசளவு கறுத்து, தோல்போல் அமுங்கும். அதை நோயென்று மருந்தடிப்பவர்களும் உண்டு, பாவம்.

தண்ணீரை மிச்சப்படுத்த வேண்டுமானால் மண்மேல் காய்ந்த இலையோ தேங்காய் நாரோ பரப்புங்கள். விரலை உள்ளே விட்டுப் பாருங்கள். இரண்டாம் கணு வரை காய்ந்திருந்தால் காலையில் வேரடியில் நிதானமாக ஊற்றுங்கள். தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள், கொசு காத்திருக்கிறது.